எபிசோட் 41: ஒரு பல் டாக்டருக்கு எத்தனை கண்ணாடி வேணும்?

வழக்கமா இந்த பாட்காஸ்ட்ல டேட்டாபேஸ், லேஆஃப், ஓ.எம்.ஆர். வாடகைன்னு பேசிட்டிருப்போம். இன்னைக்குப் பல் கிளினிக்ல இருக்கிற கொறடு, கண்ணாடி, ட்ரே பத்திப் பேசப்போறேன். நான் எழுதின ஒரு ஆப், ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஸ்டெரைல் ஆகாத கருவியை ‘ரெடி’ன்னு பச்சையில காட்டுச்சு. இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. ஆனா அந்தக் கதை அந்த சனிக்கிழமையில ஆரம்பிக்கல. அதுக்கு மூணு மாசம் முன்னாடி, கடையில நான் பேசின ஒரு பேச்சுல ஆரம்பிச்சது.

எங்க அண்ணி பல் டாக்டர். பி.டி.எஸ். முடிச்சு ஆறு வருஷம் வேற வேற கிளினிக்ல வேலை பார்த்துட்டு, மடிப்பாக்கத்துல சொந்தமா ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஒரே ஒரு சேர். அண்ணனுக்கு லீவு கிடைக்கல. அதனால டீலர்கிட்ட லிஸ்ட் வாங்கறது, பேரம் பேசறது, பில்லைச் சரிபார்க்கறது எல்லாத்துக்கும் நான்தான் கூடப் போனேன்.

டீலர் ‘புது கிளினிக் செட்’னு நாலு பக்கத்துக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தார். அண்ணி பேனாவை எடுத்துப் பாதியை அடிச்சாங்க. அவங்க கணக்கு ரொம்ப சிம்பிள். “முதல் ஆறு மாசத்துல யார் வருவாங்க? செக்கப், க்ளீனிங், அடைக்கிறது, பிடுங்கறது, ரூட் கேனால். இந்த அஞ்சு வேலைக்கு என்ன வேணுமோ அது மட்டும் போதும் தம்பி.” இம்ப்ளான்ட்டும் க்ளிப் போடறதும் வெளியில இருந்து வர்ற ஸ்பெஷலிஸ்ட் பார்த்துப்பாங்களாம், அவங்க கிட்டைக் கையோட கொண்டு வந்துடுவாங்களாம்.

எனக்கு அங்க புதுசா தெரிஞ்ச விஷயம் கொறடு. மேல் கடைவாய்ப் பல்லுக்கு வலது பக்கத்துக்கு ஒரு கொறடு, இடது பக்கத்துக்கு வேற ஒண்ணு. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு மட்டும் ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணே போதும். டீலர் நம்மளை ஏமாத்தறாரோன்னு நினைச்சேன். இல்லையாம். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவா மூணு வேர், கன்னத்துப் பக்கம் ரெண்டு, அண்ணத்துப் பக்கம் ஒண்ணு. கொறடோட ஒரு அலகுல மட்டும் கூர் இருக்கும். அந்தக் கூர், கன்னத்துப் பக்க வேர் ரெண்டுக்கும் நடுவுல போய் உட்காரணும். வாயோட பக்கம் மாறினா கூரும் மாறணும். கீழ்ப் பல்லுக்கு முன்னாடி ஒரு வேர், பின்னாடி ஒரு வேர். அதனால கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கொறடுலயும் ரெண்டு அலகுக்கும் கூர். ஏ.பி.ஐ. டிசைன் பண்றவங்க இந்தக் கொறடைப் பார்த்துப் பழகலாம்னு தோணுச்சு.

இன்னொரு ஆச்சரியம், ஜி.வி. பிளாக். 1836-ல பிறந்த அமெரிக்கப் பல் டாக்டர். சொத்தையைச் செதுக்குற கைக்கருவிகளுக்கு அவர் ஒரு நம்பர் முறை வெச்சார். கருவியோட பிடியில ‘10-7-14’னு போட்டிருந்தா, முதல் நம்பர் பிளேடோட அகலம், ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு கணக்குல. அப்ப 10-ன்னா ஒரு மில்லிமீட்டர். ரெண்டாவது நீளம், 7 மில்லிமீட்டர். மூணாவது பிளேடு சாய்ஞ்சிருக்கிற கோணம், ஒரு வட்டத்தை நூறா பிரிச்சா அதுல 14 பங்கு. நம்ம கணக்குல கிட்டத்தட்ட 50 டிகிரி. பேரைப் படிச்சாலே கருவி என்னன்னு தெரிஞ்சுடும். நம்ம ஆஃபீஸ்ல ‘ஃபைனல்_நியூ_2’னு ஃபைல் பேர் வெக்கறவங்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

அண்ணி ஒவ்வொரு கொறடையும் மூடி வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்தாங்க, ரெண்டு அலகும் நேரா சேருதா, ஆணி லூசா இருக்கான்னு. வாய்க்கண்ணாடியில, பிரதிபலிக்கிற பூச்சு கண்ணாடிக்கு மேலயே இருக்கிற வகையா பார்த்து எடுத்தாங்க. சாதாரணக் கண்ணாடியில பூச்சு பின்னாடி இருக்கும், அதனால பிம்பம் லேசா ரெட்டையா தெரியும். பல்லுல மயிர்க்கோடு மாதிரி விரிசல் தேடும்போது அது போதும் தப்பு நடக்க. ஆனா மேல பூச்சு இருக்கிறது சீக்கிரம் கீறல் விழுந்துடும், சுத்தம் பண்ணும்போது பக்குவமா கையாளணும். இதெல்லாம் அவங்க தேர்வு, நான் வாயைத் திறக்கல. திறந்தது எண்ணிக்கை வந்தப்பதான்.

பல் டாக்டர்கள் ‘பி.எம்.டி. செட்’னு சொல்வாங்க. ப்ரோப், மிரர், ட்வீசர். யார் சேர்ல உட்கார்ந்தாலும் முதல்ல பிரிக்கிறது அதைத்தான். அண்ணி பதினஞ்சு செட் கேட்டாங்க. நான் குறுக்கே புகுந்தேன். பட்ஜெட் ஏற்கெனவே எகிறிப்போயிருந்தது. எனக்கு லிட்டில்ஸ் லா தெரியும். ஜான் லிட்டில்னு ஒருத்தர் 1961-ல நிரூபிச்சது, கியூ சம்பந்தப்பட்ட எந்த சிஸ்டத்துக்கும் பொருந்தும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் வர்றாங்க, ஒவ்வொருத்தரும் உள்ள எவ்வளவு நேரம் இருக்காங்க, ரெண்டையும் பெருக்கினா உள்ள இருக்கிறவங்களோட சராசரி எண்ணிக்கை. “மணிக்கு மூணு பேஷன்ட் அண்ணி. ஒரு செட் யூஸ் ஆகி, கழுவி, ஆட்டோகிளேவ் ஆகித் திரும்பி வர ரெண்டு மணி நேரம். மூணு ரெண்டு ஆறு. சேஃப்டிக்கு ரெண்டு சேர்த்து எட்டு. பதினஞ்சு எதுக்கு?”

அண்ணி ஒரு நிமிஷம் யோசிச்சாங்க. அப்பறம் எட்டுன்னாங்க. ஏரோட்டர் ஹேண்ட்பீஸும் நாலுக்குப் பதில் ரெண்டு. மிச்சமான காசு வாசல்ல எல்.இ.டி. போர்டுக்குப் போச்சு. அந்த போர்டுக்கு ஐடியா கொடுத்ததும் நான்தான்.

கிளினிக் திறந்ததும் அடுக்கி வெக்கிற வேலை. அண்ணிகிட்ட அசிஸ்டென்ட்டா சேர்ந்த அக்கா பதினெட்டு வருஷம் இந்த வேலையில இருக்கிறவங்க. அவங்களுக்கு ஒரு பழக்கம். ட்ரேல கருவியெல்லாம் இடமிருந்து வலமா, டாக்டர் எடுக்கிற வரிசையில இருக்கும். அடைக்கிற ட்ரேன்னா முதல்ல பி.எம்.டி., அப்பறம் சொத்தையைச் சுரண்டுற ஸ்பூன், அப்பறம் சிமென்ட் வெக்கிறது, அமுக்குறது, மழமழப்பாக்குறது. பார்க்காமலே கை போய் எடுக்கும். ஒரு இடம் காலியா இருந்தா உடனே கண்ணுல படும், குப்பையில போயிடுச்சான்னு அப்பவே தேடலாம்.

இவ்வளவு அழகா ஓடிட்டிருந்த இடத்துக்குள்ள நான் ஆப்போட போனேன். ஒவ்வொரு பவுச்சுலயும் ஒரு க்யூ.ஆர். ஸ்டிக்கர். யூஸ் ஆனது, கழுவுறது, ஆட்டோகிளேவ்ல இருக்கு, ரெடி. நாலு நிலை, நாலு கலர். மெஷினுக்குள்ள வெக்கும்போது ஸ்கேன் பண்ணினா போதும், ஒரு டைமர் ஓடும். ஐம்பது நிமிஷம் ஆனதும் பச்சை. யோசிச்சுப் பாருங்க, மெஷின்கிட்ட ஒரு வார்த்தை கேட்கல நான். நேரம் ஓடினா வேலை முடிஞ்சுடும்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

ஆட்டோகிளேவ் என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன், அப்பதான் மீதி புரியும். நம்ம வீட்டு குக்கர் மாதிரிதான். அழுத்தத்துல நீராவி 121 டிகிரிக்குப் போகும். பவுச்ல போட்ட கருவின்னா சாதாரண மெஷின்ல அந்த சூட்டுல அரை மணி நேரம் நிக்கணும். வேக்யூம் இருக்கிற பி கிளாஸ் மெஷின் முதல்ல உள்ள இருக்கிற காத்தை உறிஞ்சிடும், அதனால 134 டிகிரியில 3, 4 நிமிஷம் நின்னாலே போதும். காத்துதான் இங்க வில்லன். ஹேண்ட்பீஸ் உள்ள குழாய் மாதிரி இருக்கு, உள்ள காத்து அடைச்சிருந்தா நீராவி அங்க போகாது. அண்ணி அதனாலதான் மெஷின்ல காசு மிச்சம் பிடிக்கல, பி கிளாஸ்தான் வாங்கினாங்க. கடைசியில காயவெக்கற நேரம் தனி. ஈரமா வெளியில வந்த பவுச் ஸ்டெரைல் கணக்குல வராது. ஈரப் பேப்பர் வழியா கிருமி உள்ள போயிடும்.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம். நானும் அங்க இருந்தேன், ஆப்ல ஒரு பக் சரி பண்ணிட்டிருந்தேன். ஆறரை மணிக்கு ட்ராயர்ல மூணு பவுச் மிச்சம், நாலு மெஷின்ல. கரன்ட் போச்சு. இன்வெர்ட்டர்ல லைட் எரியும், ஆட்டோகிளேவ் இழுக்கிற லோடை அது தாங்காது. கால் மணி நேரத்துல கரன்ட் வந்துடுச்சு. மெஷின் எரர் காட்டி பீப் அடிச்சிருக்கு. அசிஸ்டென்ட் அக்கா உள்ள சக்ஷன் பிடிச்சிட்டிருந்தாங்க. ரிசப்ஷன்ல புதுசா சேர்ந்த பொண்ணு டேப்ல பார்க்கிறா, நாலும் பச்சை. மெஷின் கதவு திறக்கல, எரரை ரீசெட் பண்ணித் திறந்து, பவுச்சை எடுத்து, க்ளீன் ட்ராயர்ல மத்த மூணோட சேர்த்து வெச்சுட்டா. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. நான் கொடுத்த ஸ்க்ரீனை நம்பினா.

அடுத்த பேஷன்ட்டுக்காக அக்கா ட்ராயர்ல கை வெச்சாங்க. ஒரு பவுச்சை எடுத்தவங்க அப்படியே நின்னுட்டாங்க. “டாக்டர், இது ஈரமா இருக்கு.” பவுச்சுல இருக்கிற அம்புக்குறி நிறம் மாறித்தான் இருந்தது. நான் போன்ல ஆப்பைக் காட்டி, “பச்சைதானே அக்கா”ன்னு சொன்னேன். சத்தியமா சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கல. அண்ணி பார்த்தாங்க.

அந்த அம்புக்குறிக்கு ஒரே ஒரு வேலைதான்: இந்தப் பவுச் ஆட்டோகிளேவுக்குள்ள போய் வந்ததா இல்லையான்னு பிரிச்சுக் காட்டறது. முழு சூடு, முழு நேரம் நின்னுச்சான்னு அது சொல்லாது. சைக்கிள் பாதியில நின்னாலும் நிறம் மாறலாம். இது எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

பிரச்சினை நாலு பவுச்சோட முடியல. ட்ராயர்ல ஏழும் கலந்து கிடக்கு. தொட்டுப் பார்த்தா சிலது காய்ஞ்சிருக்கு, சிலது ஈரம். ஆனா மெஷின்ல ஒரு ஓரத்துல இருந்த பவுச் சீக்கிரம் காய்ஞ்சிருக்கலாமே? எது எந்த லோடுன்னு பவுச் மேல எதுவும் எழுதல, ஏன்னா அது ஆப்ல இருக்குன்னு நான்தான் எழுத வேண்டாம்னு சொன்னேன். ஆப்ல ஏழுக்குமே பச்சை. அண்ணி ஒரே வார்த்தை சொன்னாங்க: “ஏழையும் பிரிச்சு முதல்ல இருந்து.”

வெளியில அஞ்சு பேர் உட்கார்ந்திருக்காங்க. ஒரு பெரியவருக்குக் கன்னம் வீங்கியிருந்தது. ஸ்கூல் கேம்ப்ல மிச்சமான டிஸ்போசபிள் கண்ணாடி சீல் பிரிக்காம ரெண்டு இருந்தது, அதை வெச்சுப் பார்த்து, மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுநாள் காலையில முதல் ஆளா வரச் சொன்னாங்க. மத்த நாலு பேர்கிட்டயும் அண்ணியே வெளியில வந்து, “கருவி ரெடியா இல்ல, மன்னிச்சுக்கங்க”ன்னு சொன்னாங்க. ஒருத்தர் கத்திட்டுப் போனார். ராத்திரி கூகுள்ல ஒரு ஸ்டார் விழுந்தது. திறந்து மூணாவது மாசம்.

வீட்டுக்கு வந்து, கொஞ்சம் ஓவரா ரியாக்ட் பண்ணிட்டீங்களோன்னு கேட்டேன். அண்ணி தட்டை வெச்சுட்டு வாணியம்பாடி பத்திக் கேட்டாங்க, தெரியுமான்னு. எனக்குத் தெரியாது. உங்கள்ல நிறையப் பேருக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு நினைக்கிறேன், அதனால சொல்றேன். 2023-ல வாணியம்பாடி பக்கம் மெலியாய்டோசிஸ்னு ஒரு தொற்று மூளையைத் தாக்கி சில பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. மண்ணுலயும் தண்ணியிலயும் இருக்கிற ஒரு பாக்டீரியா அது. வேலூர் சி.எம்.சி. உள்பட ஆராய்ச்சியாளர்கள் தேடிப்போனப்ப, அதுல பத்துப் பேர் ஒரே பல் கிளினிக்ல சிகிச்சை எடுத்தவங்க. எட்டுப் பேர் இறந்துட்டாங்க. ஆராய்ச்சி அறிக்கை 2025-ல வெளியாச்சு. காரணம்னு அவங்க சொன்னது ஒரு சலைன் பாட்டில். ஈறை எலும்புல இருந்து விலக்குற பெரியாஸ்டியல் எலிவேட்டர்னு ஒரு கருவி இருக்கு. அதை வெச்சு அந்த பாட்டிலைத் திறந்திருக்காங்க, அப்பறம் சரியா மூடாம அதையே திரும்பத் திரும்ப யூஸ் பண்ணியிருக்காங்க.

அந்த எலிவேட்டர் எங்க பில்லுலயும் இருந்தது. ரெண்டு வாங்கியிருந்தோம். டீலர் மூணு சொன்னதுக்கு நான் ரெண்டு போதும்னு சொன்னது ஞாபகம் வந்தது.

“கருவி கம்மியா இருந்தா யாரும் வேணும்னு தப்பு பண்ண மாட்டாங்க தம்பி. கூட்டம் நிக்கும்போது ‘இந்த ஒரு தடவை’ன்னு கை போகும். நான் பதினஞ்சு கேட்டது அந்தக் கைக்காகத்தான்”னு சொன்னாங்க.

என் கணக்குல தப்பு எங்கன்னு அப்பறம்தான் உட்கார்ந்து பார்த்தேன். லிட்டில்ஸ் லா சரி. அதுல நான் போட்ட ரெண்டு மணி நேரம்தான் பொய். ஊறவெச்சு, அல்ட்ராசானிக்ல போட்டு, அலசி, துடைச்சு, பவுச் ஒட்டறதுக்கே அரை மணிக்கு மேல ஆகும். அழுக்கு ஒட்டியிருந்தா நீராவி அதைத் தாண்டிப் போகாது, அதனால இதுல எதையும் விட முடியாது. அப்பறம் ஒரே ஒரு செட்டுக்கு யாரும் ஆட்டோகிளேவ் போட மாட்டாங்க, நாலஞ்சு சேரட்டும்னு காத்திருப்பாங்க. அந்தக் காத்திருப்பை நான் எண்ணவே இல்ல. நிஜத்துல மூணு மணி நேரம், சில நாள் மூணரை. அதோட அந்தச் சூத்திரம் சராசரிதான் சொல்லும். சனிக்கிழமை சாயங்காலம் கரன்ட் கட் எந்தச் சராசரியிலயும் வராது.

மறு வாரம் திரும்பவும் அதே டீலர்கிட்ட போனோம். இந்தத் தடவை கணக்கு அசிஸ்டென்ட் அக்காவோடது: ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முழுக்க மெஷினே ஓடலைன்னாலும் தாங்கணும், மேல ஒரு லோடு வீணாப் போனாலும் தாங்கணும். பதினெட்டு செட். ஒரு பி.எம்.டி. செட் 300 ரூபாய் சொச்சம். ஒரு நல்ல ஏரோட்டர் விலைக்குள்ள அது பத்து வாங்கிடலாம். நான் சண்டை போட்டு மிச்சம் பிடிச்சது மொத்தமே ரெண்டாயிரத்து நூறு ரூபாய்! ஏரோட்டர்ல இப்போதைக்கு ஒண்ணு மட்டும் சேர்த்தோம், மூணாச்சு. ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் ஹேண்ட்பீஸை மாத்தியாகணும். ஓடி நிக்கும்போது வாயில இருக்கிற எச்சிலும் ரத்தமும் உள்ள உறிஞ்சப்படலாம், ஸ்பிரிட் வெச்சு மேல துடைக்கிறது உள்ள போகாது. அதனால இன்னும் அங்கதான் இடிக்குது. பெரிய ஃபில்லிங் எல்லாம் அண்ணி அப்பாயின்ட்மென்ட்டைத் தள்ளித் தள்ளிக் கொடுக்கறாங்க.

அடுக்குற முறையையும் அக்காகிட்டயே விட்டுட்டோம். கழுவுற ரூம் நம்ம அபார்ட்மென்ட் கிச்சன் சைஸ். இடது பக்கம் சிங்க், சிவப்பு டப், அடுத்து அல்ட்ராசானிக், அடுத்து பவுச் ஒட்டுற மேடை, அடுத்து மெஷின், வலது கோடியில க்ளீன் அலமாரி. கருவி ஒரு திசையிலதான் நகரும். வலது பக்கத்துல இருந்து எதுவும் இடது பக்கம் திரும்பி வராது, க்ளவுஸ் போட்ட கை அலமாரியைத் தொடாது. மெஷினுக்குள்ள பவுச்சைப் படுக்க வெக்காம, அலமாரியில புத்தகம் மாதிரி நிக்க வெக்கறாங்க, நீராவி நடுவுல போகட்டும்னு. போர் தண்ணி ஊத்தறதே இல்ல, கேன்ல டிஸ்டில்டு வாட்டர் மட்டும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்கற கதைதான். மடிப்பாக்கம் போர் தண்ணியை ரெண்டு வாரம் ஊத்தினா உள்ள வெள்ளைப் படலம், கருவியில கறை. கொறடுக்குக் கலர் டேப் ஒட்டலாம்னு நான் ஒரு ஐடியா கொடுத்தேன். டேப் ஓரம் பிரிஞ்சு அதுக்கடியில அழுக்கு தங்கும்னு அக்கா சிரிச்சுட்டே சொன்னாங்க. விட்டுட்டேன்.

இப்ப ஒவ்வொரு பவுச் மேலயும் தேதி, லோடு நம்பர். மெஷின் பக்கத்துல ஒரு நீள நோட்டு. சைக்கிள் முடிஞ்சதும் டிஸ்ப்ளேல இருக்கிற சூடு, அழுத்தம், நேரம் மூணையும் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட்ட அப்பறம்தான் கதவைத் திறக்கணும். வாரத்துக்கு ஒரு தடவை ஸ்போர் டெஸ்ட். ஜியோபாசிலஸ்னு சூட்டைத் தாங்குற ஒரு பாக்டீரியாவோட வித்துகளை உள்ள வெச்சு எடுத்து, செத்துச்சான்னு பார்க்கறது. செத்திருந்தா மெஷின் வேலை செய்யுது. உயிரோட இருந்தா, கடைசியா பாஸான டெஸ்ட்டுக்கு அப்பறம் போன லோடு எல்லாத்தையும் நோட்டைப் பார்த்துத் திரும்ப எடுக்கணும். எந்த கமிட்ல உடைஞ்சதுன்னு பின்னாடி போய்த் தேடறோமே, அதேதான். எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான் இது, ஆனா நாற்பது ரூபாய் நோட்டுல பார்த்த அப்பறம்தான் என் ஆப்ல அது இல்லைன்னு உறைச்சது.

ஆப் இப்பவும் இருக்கு. டைமரையும் பச்சைக் கலரையும் எடுத்துட்டேன். லோடு நம்பரும் தேதியும் போட்டு லேபிள் மட்டும் ப்ரின்ட் பண்ணும். ப்ரின்ட்டர் மக்கர் பண்ணினா அக்கா பென்சில்ல எழுதிடறாங்க, வேலை ஒண்ணும் நிக்கறதில்ல.

நீங்க அடுத்த தடவை பல் டாக்டர்கிட்ட போனா, பவுச்சை உங்க கண்ணு முன்னாடி பிரிக்கச் சொல்லிக் கேளுங்க. கேட்டா கோவிச்சுப்பாங்களோன்னு நினைக்காதீங்க. அண்ணிகிட்ட கேட்டேன், “கேக்கறவங்களைத்தான் எனக்குப் பிடிக்கும்”னு சொன்னாங்க.

அப்பறம் அந்த எல்.இ.டி. போர்டுல ரெண்டு எழுத்து ஃபியூஸ் போயிடுச்சு. மாத்தித் தரேன்னு சொன்னேன். அண்ணி அந்தக் காசைக் கொடு, நாலாவது ஹேண்ட்பீஸ் கணக்குல சேர்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நேத்து ஜிபே பண்ணிட்டேன்.